காண்பவளும் காணப்படுவதும்

பன்னிரண்டு வயது வரை ஒரு பெண்குழந்தைக்குக் கண்ணாடி என்பது, பொட்டு நேராக இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு ஓடிவிடுவதற்கான பொருள். அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் அதே கண்ணாடிக்கு ஒரு நீதிபதியின் அதிகாரம் வந்துவிடுகிறது. 'நீ குண்டு', 'நீ கறுப்பு', 'உன் தோழியைப் போல் உன் கூந்தல் நீளமில்லை' என்று அது நாள்தோறும் தீர்ப்பு வழங்குகிறது. குழந்தையும் மறுபேச்சின்றி அதை ஏற்றுக்கொள்கிறாள். காலை உணவை ஒதுக்குகிறாள். பள்ளி விழாவில் மேடையேற மறுக்கிறாள். விடை தெரிந்திருந்தும் வகுப்பில் எழுந்து நிற்கக் கூசுகிறாள்.

இதைக் கண்டு வீட்டிலுள்ளோர் 'வயதுக் கோளாறு, தானே சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகின்றனர். ஆன்மிக நாட்டமுள்ள சிலர் 'உடல் அநித்தியம், அதைப் பற்றி ஏன் கவலை?' என்று உபதேசிக்கின்றனர். இரண்டுமே அக்குழந்தைக்குத் துணை செய்வதில்லை. வேதாந்தம் உண்மையில் இது குறித்து என்ன கூறுகிறது, அதை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் வாழ்வில் எவ்வாறு பொருத்துவது என்பதை இங்கே ஆராய்வோம். வேங்கடவனும் அலர்மேல்மங்கைத் தாயாரும் எழுந்தருளியுள்ள திருப்பதியையும், அதன் தாய் மாவட்டமான சித்தூரையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம் பெண்களை இன்று வருத்தும் எண்ணங்களும், அவற்றுக்கான மருந்தும் அம்மண்ணில் அருகருகே காணக் கிடைக்கின்றன.

உடலும் உடலைப் பற்றிய எண்ணமும்

உடல் வேறு, உடலைப் பற்றி மனம் வரைந்துகொள்ளும் சித்திரம் வேறு. மெலிந்த பெண் தன்னைப் பருத்தவளாகக் காண்பதும், நல்ல உடல்நலம் உள்ளவள் தன்னைக் குறையுள்ளவளாக எண்ணுவதும் இந்த வேறுபாட்டால்தான்.

பூப்பெய்தும் பருவத்தில் பெண்ணுடலில் கொழுப்பு கூடுவது இயற்கையின் ஏற்பாடு. இடுப்பு அகல்வதும், முகத்தில் பருக்கள் தோன்றுவதும், சில மாதங்களிலேயே உயரமும் எடையும் மாறுவதும் வளர்ச்சியின் அடையாளங்கள். போதிய உணவும் கொழுப்பும் இல்லாவிடில் மாதவிடாய் ஒழுங்கு கெடும். எலும்பு உறுதி பெறாது. இதே பருவத்தில் மனத்திலும் ஒரு புதிய ஆற்றல் மலர்கிறது. 'பிறர் என்னை எவ்வாறு காண்கிறார்கள்?' என்று கற்பனை செய்து பார்க்கும் ஆற்றல் அது. உடல் மிக விரைவாக மாறும் அதே காலத்தில், பிறர் பார்வையைப் பற்றிய உணர்வும் கூர்மை அடைகிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதால்தான் இப்பருவம் இத்துணை நொய்மையாக இருக்கிறது.

மாறிவரும் வாழ்க்கை முறை

சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி இது. கேழ்வரகுக் களி, நிலக்கடலை, வெல்லம், மாம்பழம் ஆகியவை இம்மண்ணின் உணவுகள். வயலிலும் வீட்டிலும் உடலுழைப்பு இருந்தது. பெண்களின் உடலுக்கு 'எவ்வளவு சுமக்கும், எவ்வளவு தூரம் நடக்கும்' என்பதே அளவுகோலாக இருந்தது.

பின்னர் பெண்கல்வி பெருகியது. 1983இல் திருப்பதியில் மகளிருக்கென்றே ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தாயாரின் திருநாமத்தைத் தாங்கி, கிராமத்துப் பெண்கள் பட்டமும் ஆராய்ச்சியும் பெற வழிவகுத்தது பெரும் பேறு. ஆனால் கல்வி வாழ்க்கையோடு வேறு சில பழக்கங்களும் வந்து சேர்ந்தன. நுழைவுத் தேர்வுக்காக விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி விடியலிலிருந்து இரவு வரை அமர்ந்தே இருக்கிறாள். விளையாட்டு மைதானம் இல்லை, காலை உணவுக்கு நேரமில்லை, மாலையில் பொட்டலத் தின்பண்டம், இரவில் கைப்பேசி. எடை கூடினால் 'டயட்' என்று சோற்றை விடுகிறாள். உடலைப் பேணுவதும் இல்லை; உடலை மறப்பதும் இல்லை. உடலைப் பற்றிய கவலை மட்டும் எஞ்சுகிறது.

இக்கவலைக்கு வணிகம் எண்ணெய் வார்க்கிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது 1975இல். வெண்ணிறமே நல்வரனையும் நல்வேலையையும் தரும் என்று பல்லாண்டுகளாக விளம்பரங்கள் கற்பித்தன. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2020இல் அதன் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் மனப்பான்மை மாறிவிடவில்லை. பாதரசம் கலந்த வெண்மைக் களிம்புகளைப் பூசியதால் சிறுநீரக நோய் வந்தவர்களைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தனர்.

வணிகத்தை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. முதல் விளம்பரம் வீட்டிலேயே ஒலிக்கிறது. 'வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய். பிறகு யார் கட்டிக்கொள்வார்கள்?' என்பது பாட்டியின் வாக்கு. 'என்ன, இப்படிப் பெருத்துவிட்டாள்!' என்பது திருமணத்துக்கு வந்த அத்தையின் வரவேற்பு. அன்போடு சொல்லப்படுபவைதாம் இவை. ஆனால் 'நீ பிறர் பார்ப்பதற்காக இருப்பவள்' என்ற பாடத்தை அச்சொற்களே அவளுக்குக் கற்பிக்கின்றன.

இதிலுள்ள முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். திருமலையில் நாம் தரிசிக்கும் மூலவர் திருமேனி கருநிறமுடையது. சித்தூர்ப் பகுதிக் கிராமங்களில் தர்மராஜர் கோயில்களில் பாரதத் திருவிழா நடத்தி, மக்கள் திரௌபதி அம்மனை வணங்குகின்றனர். அந்தத் திரௌபதியின் இயற்பெயரே கிருஷ்ணை, அதாவது கருநிறத்தாள். கருநிறத் தெய்வங்களின்முன் கைகூப்பி நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கருநிற மகளைக் குறை கூறுவது என்ன பக்தி?

உள்ளே குடியேறும் பிறர் கண்

தென்பசிபிக்கிலுள்ள பிஜித் தீவுகள், நம் தமிழ், தெலுங்கு மக்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழும் நாடு. அங்குள்ள பூர்வகுடி மக்கள் பருத்த, உறுதியான உடலையே நல்ல உடலாகப் போற்றி வந்தனர். நட்ரோகா என்னும் பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல்தான் வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவ்வாண்டிலும் 1998இலும் அங்குள்ள பள்ளிப் பெண்களை ஆராய்ந்தார். உணவைப் பற்றிய சீர்கெட்ட மனப்பாங்கைக் காட்டும் மாணவியர் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகப் பெருகியிருந்தனர். உடல் மெலிவதற்காகத் தாமே வாந்தியெடுக்கும் பழக்கம் 1995இல் ஒருவரிடமும் இல்லை; 1998இல் 11.3 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் பல தலைமுறைகளின் அளவுகோல் ஆட்டம் கண்டுவிட்டது.

இன்னும் ஆழமான ஓர் உண்மையை 1998இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. பார்பரா ஃபிரெட்ரிக்சனும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவ மாணவியரைத் தனித்தனி அறையில் கண்ணாடி முன் நிறுத்தி, சிலரை நீச்சலுடையும் சிலரைக் கம்பளி மேலுடையும் அணியச் செய்தனர். பிறகு அதே உடையில் கணக்குகள் போடச் சொன்னார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் மற்றப் பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றனர். ஆண்களிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. அந்த அறையில் அவர்களைப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. பார்க்கும் கண் வெளியில் இல்லாதபோதும், உள்ளே குடியேறியிருந்த பிறர் கண் அவர்களுடைய அறிவாற்றலின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டது.

இன்று அந்தக் கண் கைப்பேசியாக உருவெடுத்துத் தலையணைக்கு அருகே உறங்குகிறது. 2021இல் வெளியே கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுக் குறிப்புகளின்படி, தம் உடலைக் குறித்து ஏற்கெனவே வருந்திய வளரிளம் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்ததாகக் கூறியிருந்தனர்.

திருக்-திருச்ய விவேகம் காட்டும் வழி

வேதாந்தப் பிரகரண நூல்களுள் ஒன்று திருக்-திருச்ய விவேகம். ஆதிசங்கரர் இயற்றியது என்று ஒரு சாராரும், பாரதீ தீர்த்தர் இயற்றியது என்று வேறொரு சாராரும் கூறுவர். 'திருக்' என்றால் காண்பது. 'திருச்யம்' என்றால் காணப்படுவது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நூலின் நோக்கம்.

அதன் வாதம் படிப்படியாகச் செல்கிறது. வெளியிலுள்ள உருவங்கள் காணப்படுபவை. அவற்றைக் காண்பது கண். அந்தக் கண்ணின் கூர்மையையும் மங்கலையும் மனம் அறிகிறது. எனவே மனத்தை நோக்க, கண்ணும் காணப்படும் பொருளே. மனத்தில் எழும் இன்பம், துன்பம், விருப்பு, வெறுப்பு ஆகியவையும் அறியப்படுகின்றன. அவற்றை அறிவது சாட்சியாகிய ஆத்மா. அச்சாட்சி வேறெதனாலும் காணப்படும் பொருளாக ஆவதில்லை.

இதை நம் மகளின் நிலையோடு பொருத்திப் பார்ப்போம். கண்ணாடியில் தெரியும் உருவம் காணப்படுவது. 'நான் அழகாக இல்லை' என்ற எண்ணமும் காணப்படுவதுதான். ஏனெனில், அது காலையில் எழுந்ததையும் விளையாட்டின்போது மறைந்திருந்ததையும் அவளே அறிகிறாள். வந்து போகும் அந்த எண்ணத்தை அறிபவள் அதனின்றும் வேறானவள். பிஜியிலும் அமெரிக்காவிலும் திருப்பதியிலும் நிகழும் துன்பத்தின் வேர் ஒன்றே: காண்பவள் தன்னைக் காணப்படும் பொருளாக மயங்கிக்கொள்கிறாள். வேதாந்தம் இதை அத்தியாசம் என்கிறது. ஒன்றின் தன்மையை மற்றொன்றின்மேல் ஏற்றுவது என்பது பொருள்.

உளவியல் இம்மயக்கம் எவ்வாறு ஏற்படுகிறது என்று விளக்குகிறது. மயங்குபவள் உண்மையில் யார் என்பதை வேதாந்தம் விளக்குகிறது. முன்னது நோயின் வரலாற்றையும் பின்னது நலத்தின் இயல்பையும் கூறுவதால், இரண்டும் நமக்கு வேண்டும்.

எச்சரிக்கை: வெறுப்பு விவேகம் ஆகாது

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'உடல் நீயல்ல' என்று போதித்தால், உடலை அலட்சியம் செய்வதும் வெறுப்பதும்தானே விளையும்?

உடலைச் சதை, எலும்பு, அழுக்கு என்று பகுத்து இகழும் பகுதிகள் வைராக்கிய நூல்களில் உள்ளன. அவை உடலின்மேல் அளவுகடந்த மோகம் கொண்டவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. அதிகாரி பேதம், அதாவது கேட்பவரின் தகுதிக்கும் நிலைக்கும் ஏற்ப உபதேசம் மாறும் என்பது, நம் மரபின் அடிப்படை விதி. ஏற்கெனவே தன் உடலை வெறுக்கும் ஒரு சிறுமியிடம் அத்தகைய பகுதிகளைக் கூறுவது, காய்ச்சலில் கிடப்பவருக்குக் குளிர்நீர் குடம் குடமாக ஊற்றுவதற்கு ஒப்பாகும். மோகமும் வெறுப்பும் உடலோடு கட்டும் இரு கயிறுகளே. வெறுப்பவளும் நாள்முழுவதும் உடலைத்தான் நினைக்கிறாள்.

அவளுக்கு உரிய உபதேசம் வேறு. கடோபநிஷதம் உடலைத் தேராக உருவகிக்கிறது. தேரில் பயணம் செய்பவன் தேராகிவிட மாட்டான். ஆனால் தேரை உடைத்துக்கொண்டு பயணமும் செய்ய இயலாது. உடலை இழுக்கு என்று கருதியிருந்த நிலையை விட்டு, அதனுள் இறைவன் குடிகொண்டிருப்பதை அறிந்து அதைப் பேணுவதாகத் திருமூலர் கூறுகிறார். மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயக் கருத்து. சுவாமி விவேகானந்தரும் ஆன்மிகம் கற்க வந்த இளைஞர்களிடம் முதலில் உடல் வலிமையையே வற்புறுத்தினார்.

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பகுதியைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியில் மொத்தம் 240 கிலோ எடையைத் தூக்கி வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 'பார்க்க எப்படி இருக்கிறது?' என்ற கேள்வியை விட்டு, 'எதைச் செய்ய வல்லது?' என்று உடலைக் கேட்கக் கற்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

திருமலை கற்பிக்கும் மூன்று பாடங்கள்

முதற்பாடம், முடிக் காணிக்கை. திருமலைக் கல்யாணக்கட்டாவில் நாள்தோறும் பல்லாயிரவர் முடி இறக்குகின்றனர். பெண்களும் இதில் அடங்குவர். இதற்குத் தலபுராணம் கூறும் காரணம் அழகானது. பெருமானின் தலையில் அடிபட்டு ஓரிடத்தில் முடி இல்லாமற்போக, அதைக் கண்ட நீளாதேவி தன் அழகிய கூந்தலை அறுத்து அவ்விடத்தில் பொருத்தினாள். அதனால் நெகிழ்ந்த பெருமான், பக்தர்கள் தரும் முடி அவளையே சேரும் என்று அருளினார். ஏழு மலைகளுள் நீலாத்ரி அவள் பெயரால் விளங்குகிறது. பெண்ணுக்கு அழகு என்று உலகம் கருதும் ஒன்றைத் தானே விரும்பி எடுத்துக் கொடுப்பவள், அந்த அழகுக்குத் தான் அடிமையல்லள் என்று அறிவிக்கிறாள்.

இரண்டாவது பாடம், தரிகொண்ட வேங்கமாம்பாள். முன்னாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தரிகொண்டாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த இப்பக்தை, இளமையிலேயே கணவரை இழந்தார். அக்கால வழக்கப்படி தலையை மழிக்குமாறு சுற்றத்தார் வற்புறுத்தினர். வேங்கடவனே தம் நாதன் என்று கூறி அவர் உறுதியாக மறுத்தார். பின்னர் திருமலையில் வாழ்ந்து பல பக்தி நூல்களை இயற்றினார். இன்றும் திருமலையில் இரவு ஏகாந்த சேவையின்போது அவர் பெயரால் ஆரத்தி நடைபெறுகிறது. 2011இல் திறக்கப்பட்ட பெரிய அன்னப்பிரசாதக் கூடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நீளாதேவி கூந்தலைக் கொடுத்தாள். வேங்கமாம்பாள் கொடுக்க மறுத்தார். இருவரையும் திருமலை போற்றுகிறது. ஏனெனில், இருவர் செயலிலும் பிறர் பார்வைக்கு அஞ்சாத சுதந்திரம் இருக்கிறது. இதிலிருந்து பெற்றோர் ஒன்றைக் கற்க வேண்டும். பதினான்கு வயது மகளின் கூந்தலைத் தாங்கள் நேர்ந்துகொண்டு, அவள் அழ அழ முடி இறக்குவது காணிக்கை ஆகாது. அவளிடம் நீளாதேவியின் கதையைக் கூறுங்கள். விரும்பினால் முழுமுடி தரட்டும். இல்லையேல் பூமுடி தரட்டும். தானே முன்வந்து தந்தால் மட்டுமே அது அவளுடைய காணிக்கை.

மூன்றாவது பாடம், நம் ஆண்டாள். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. பிரம்மோற்சவ கருடசேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை ஆண்டுதோறும் செல்கிறது. ஆண்டாளும் வளரிளம் பெண்தான்; அவளும் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் 'ஊரார் என்னை எப்படி மதிப்பார்கள்?' என்று அவள் கேட்கவில்லை. 'அவனுக்கு இந்த மாலை பொருந்துமா?' என்று கேட்டாள்.

திருப்பாவை நோன்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. தொடக்கத்தில் பாவையர் நெய்யையும் பாலையும் மையையும் மலரையும் விலக்குகின்றனர். நோன்பு நிறைவுறும்போது அணிகலன்களைப் பூண்டு, நெய் ததும்பும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்கின்றனர். விலக்கலும் ஏற்றலும் இரண்டும் சேர்ந்ததே விரதம். புரட்டாசிச் சனிக்கிழமை, ஏகாதசி என்று நம் மகள் திடீரென அடுக்கடுக்காக விரதங்கள் மேற்கொண்டால், மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். விரதம் முடிந்ததும் அவள் பிரசாதத்தை மனமகிழ்வோடு உண்கிறாளா? அல்லது அதையும் ஒதுக்க ஒரு காரணம் தேடுகிறாளா? பின்னது உண்மையானால், அது விரதத்தின் பெயரில் மறைந்திருக்கும் நோயாக இருக்கலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. சொல்லைக் காத்தல்: நிறம், எடை ஆகியவற்றைப் பற்றிய பேச்சை, அது கேலியாயினும் பாராட்டாயினும், வீட்டில் தவிர்ப்போம். தாய் தன் உடலைத் தானே இகழ்ந்து பேசுவதையும் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

2. ஒப்பிடாமை: சித்தூர்ப் பகுதியின் மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, ஒரு குழந்தையை மற்றொரு குழந்தையோடு ஒப்பிடுவதைக் கல்வியின் பெருங்கேடாகக் கருதினார். மதிப்பெண்ணுக்குப் பொருந்தும் இவ்வுண்மை தோற்றத்துக்கும் பொருந்தும்.

3. உணவு: 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். எடையைக் குறைக்கச் சோற்றை விடும் பெண்ணின் உடல் உண்மையில் இரும்புச்சத்துக்கு ஏங்குகிறது. காலை உணவைத் தவறவிடாமல், களி, கடலை, கீரை, பயறு, பழம் ஆகியவற்றைக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணச் செய்வோம். பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை ஏற்கச் செய்வோம்.

4. உடற்பயிற்சி: மெலிவதற்காக அன்றி, மகிழ்வதற்காகவும் வலிமைக்காகவும் நாள்தோறும் ஒரு மணி நேரம் விளையாடட்டும். இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், பெற்றோருடையதும் அவ்வாறே.

5. மருத்துவ உதவி: எடை விரைந்து குறைதல், மாதவிடாய் நின்றுபோதல், மயக்கம், உண்டபின் தனியே சென்று வாந்தியெடுத்தல், எப்போதும் எடை பார்த்தல் ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் நாட வேண்டும். இது நோய், ஒழுக்கக் குறைவன்று. பிரார்த்தனை மருத்துவத்துக்குத் துணை நிற்கும், அதற்கு மாற்றாகாது. வளரும் பெண்ணின் எடை சரியா என்பதை அவள் வயதுக்குரிய அட்டவணையைக் கொண்டே மருத்துவர் கணிப்பார். எனவே பெரியவர்களுக்கான அளவை நாமே அவள்மேல் பொருத்த வேண்டாம்.

ஓர் எளிய சாதனை

வளரிளம் பெண்களே, இப்பகுதி உங்களுக்கு. நாள்தோறும் காலையில் பொட்டு இடும்போது ஐந்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள். முதலில் உங்கள் கைகளையும் கால்களையும் கண்களையும் எண்ணி, நேற்று அவை உங்களுக்குச் செய்த ஒரு பணியை நினைத்து நன்றி கூறுங்கள். அடுத்து, உடலைப் பற்றி மனத்தில் எழும் எண்ணத்தைக் கவனியுங்கள். அதனோடு சண்டையிட வேண்டாம். 'இந்த எண்ணம் வந்திருக்கிறது. இதை நான் அறிகிறேன்' என்று மட்டும் மனத்துக்குள் கூறுங்கள். பிறகு கண்களை மூடி, அறிகின்ற அந்த 'நான்' கறுப்பா சிவப்பா, குண்டா ஒல்லியா என்று கேளுங்கள். பதில் கிடைக்காது, அதற்கு நிறமும் இல்லை, எடையும் இல்லை. அந்த மௌனத்தில் சற்று நேரம் நிலைத்திருந்து, இஷ்டதெய்வத்தை வணங்கிவிட்டு, காலை உணவுக்குச் செல்லுங்கள்.

சில நாட்களில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். சந்தேகம் எழுந்தால் தாயிடமோ ஆசிரியையிடமோ மனம் திறந்து பேசுங்கள். நீங்கள் பிறர் காண்பதற்காக வைக்கப்பட்ட பொம்மை அல்ல. இவ்வுலகைக் காணவும், கற்கவும், அதற்குத் தொண்டு செய்யவும் வந்த ஒளி நீங்கள். அவ்வொளியை உங்களுள் நிலைபெறச் செய்ய அலர்மேல்மங்கைத் தாயார் அருள்புரிவாளாக!